பெரிய கலைஞரிடம் கிட்டாரைக் கொண்டுபோய் அவமானப்பட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மூன்று வருடமாக வீட்டின் பின்கட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறீர்கள், இதுவரை பதினொன்று விற்றிருக்கிறீர்கள். சென்னைக்கு நிகழ்ச்சிக்கு வந்த ஒரு பிரபல கிட்டார் கலைஞரிடம் ஒன்றை இலவசமாகவே கொடுத்து எண்டார்ஸ்மெண்ட், அதாவது 'நான் வாசிப்பது இந்த கிட்டார்தான்' என்ற விளம்பர ஒப்புதல், கேட்கப் போனீர்கள். அவர் கேஸைத் திறந்துகூடப் பார்க்காமல் "இதையெல்லாம் வாசிச்சா என் பேரு என்ன ஆகறது" என்று நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டுப் போனார். மேனேஜர் "வெச்சிட்டுப் போங்க, பாக்கலாம்" என்றார், வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள், ஆறு வாரமாகப் பதில் இல்லை. இனி யாரிடமாவது போவதா வேண்டாமா, போனால் எப்படிப் போவது. சரி.

வெளிநாட்டு கிட்டார்களை இறக்குமதி செய்து விற்ற ஒருவரிடம் ஒன்பது வருடம் நான் இந்த வேலையைத்தான் பார்த்தேன். விசிட்டிங் கார்டில் 'ஆர்ட்டிஸ்ட் ரிலேஷன்ஸ்' என்று பகட்டாக இருக்கும், நடைமுறையில் ஓட்டல் லாபியில் கிட்டார் கேஸை முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஒருமுறை ஒரு பெரிய பேண்டின் கிட்டார்காரருக்காக மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை மேடைக்குப் பின்னால் நின்றேன். வந்தவர் கேஸைக் கீழே படுக்க வைக்கச் சொன்னார், திறந்து பார்க்கப் போகிறார் என்று சந்தோஷமாக வைத்தேன், அதன் மேல் தட்டை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே வேனில் ஏறிவிட்டார். சாம்பார் வழிந்த கேஸைக் கைக்குட்டையால் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆள் யார் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசிப்பு என்னமோ தேன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாதிரி ஆட்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ரொம்ப நாள் குமைந்திருக்கிறேன். சிலருக்குத் திமிர், அதற்கு மருந்தில்லை, விடுங்கள். ஆனால் முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் வேறு. நீங்கள் போன நேரத்தை யோசித்துப் பாருங்கள்: சவுண்ட் செக் முடிந்து மேடை ஏறுவதற்கு முந்தைய அந்த இரண்டு மணி நேரம். மானிட்டரில் ஏதோ சரியில்லை, கீபோர்டுக்காரர் இன்னும் வரவில்லை, ஸ்பான்சரின் மாமனார் குடும்பத்தோடு போட்டோவுக்கு நிற்கிறார், அந்த நேரத்தில் ஒரு முன்பின் தெரியாத ஆள் ஒரு முன்பின் தெரியாத கிட்டாரோடு எதிரே வருகிறார். இன்னொன்று, நிறையப் பேருக்குச் சூடு கண்ட பயம் இருக்கிறது. மரியாதைக்கு ஒரு கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்கள், மறுநாளே 'இவரும் எங்கள் கிட்டார்தான்' என்று போட்டோவோடு விளம்பரம் வந்திருக்கும், ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்த கம்பெனி போன் போட்டுக் கேட்டிருக்கும். அதனால் கேஸைத் திறக்கவே பயப்படுவார்கள். உங்கள் நண்பர் செல்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததுமே அவர் முடிவு செய்திருப்பார். நாலு பேர் முன்னால் சிரித்ததற்கு மட்டும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன், அது தப்புதான்.

அப்புறம், அவமானம் ஒரே பக்கமாக மட்டும் பாய்வதில்லை. லெஸ் பால் என்ற அமெரிக்க கிட்டார் கலைஞரைத் தெரியும்தானே, இன்று உலகத்தில் எந்த கிட்டார் கடைக்குப் போனாலும் அவர் பெயரில் ஒரு மாடல் தொங்கும். அவர் 1940களில் ஒரு பைன் மரக் கட்டையில் பிக்கப்பையும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கருவி) நெக்கையும் (கழுத்துப் பகுதி) பொருத்தி, பார்வைக்கு கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் பாதிப் பாதி உடம்பை ஒட்டவைத்து கிப்ஸன் கம்பெனியிடம் கொண்டுபோனார். அவர்கள் மதிக்கவில்லை, துடைப்பக் கட்டையோடு வந்த ஆள் என்கிற அளவுக்குத்தான் பார்த்தார்கள். 1950ல் லியோ ஃபெண்டர் என்பவர் செய்த திட உடல் கிட்டார், அதாவது உள்ளே கூடு இல்லாமல் முழுக் கட்டையில் செய்தது, சந்தைக்கு வந்தது. அதன் பிறகு அதே கிப்ஸன் இவரைத் தேடிப் போனது, 1952ல் அவர் பெயரிலேயே தங்க நிறத்தில் கிட்டார் வந்தது. இதில் இன்னொரு சுவாரசியம், 1961ல் அந்த மாடலின் வடிவத்தை அடியோடு மாற்றினார்கள், லெஸ் பாலுக்குப் புது வடிவம் பிடிக்கவில்லை, கொஞ்ச காலத்தில் அவர் பெயரே அதிலிருந்து போய்விட்டது. அதைத்தான் இன்று எஸ்ஜி என்கிறோம். பழைய வடிவம் 1968ல் மறுபடி வந்தது.

சரி, கேட்கப் போவதில் நல்ல முறை, கெட்ட முறை என்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் முதல்முறை நியூயார்க் வந்தபோது ரிக்கன்பேக்கர் கம்பெனியின் முதலாளி எஃப்.சி.ஹால் செய்ததைப் பாருங்கள். முன்கூட்டியே அவர்கள் தரப்போடு பேசி வைத்துவிட்டு, சவாய் ஹில்டன் ஓட்டலில் ஒரு அறை எடுத்து, கிட்டார்களையும் ஆம்ப்களையும் பரப்பி வைத்துக் காத்திருந்தார். வாசித்துக் காட்ட ஜாஸ் கலைஞர் டூட்ஸ் தீல்மன்ஸ் இருந்தார். ஜான் லெனன் ஏற்கெனவே ரிக்கன்பேக்கர்காரர், 1960லேயே ஹாம்பர்க்கில் தானாக ஒன்று வாங்கியிருந்தார். ஜார்ஜ் ஹாரிசன் வரவில்லை, தொண்டைக் கட்டும் காய்ச்சலுமாகப் பிளாசா ஓட்டலில் படுத்திருந்தார். பன்னிரண்டு தந்தி கிட்டார் ஒன்றை அவர் இருந்த அறைக்கே எடுத்துப் போனார்கள், படுக்கையில் இருந்தபடியே வாசித்துப் பார்த்தார், பிடித்துப்போனது. அந்த மாதக் கடைசியிலேயே ஒலிப்பதிவில் அதை வாசித்துவிட்டார். பீட்டில்ஸ் நடித்த படத்தில் அந்த கிட்டாரைப் பார்த்துவிட்டுத்தான் பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் தானும் ஒரு பன்னிரண்டு தந்தி வாங்கினார். ஹால் யாருடைய பசிநேரத்திலும் போய் நிற்கவில்லை, தன் இடத்துக்கு அழைத்தார். அதைவிட முக்கியம், ஏற்கெனவே தன் பொருளைக் காசு கொடுத்து வாங்கிய ஆளைத்தான் அழைத்தார்.

'அவர் கம்பெனி முதலாளி, நான் பின்கட்டில் உளி பிடிக்கிறவன்' என்பீர்கள். அதனால் பால் ரீட் ஸ்மித் கதைக்கு வருகிறேன், உங்களுக்குப் பொருந்துவது அதுதான். இன்று பிஆர்எஸ் என்றால் கிட்டார் உலகில் விலை கேட்டாலே மூச்சு முட்டும். எழுபதுகளில் அவர் அமெரிக்காவின் மேரிலாந்தில் அனாபொலிஸ் ஊரில் தானே கையால் கிட்டார் செய்து கொண்டிருந்த ஒரு இளைஞர், அவ்வளவுதான். பக்கத்தில் பெரிய பெரிய குழுக்கள் வந்து வாசிக்கும் அரங்கம் ஒன்று இருந்தது. நிகழ்ச்சி அன்று சாயங்காலம் நாலு மணிக்கே அரங்கத்தின் பார்க்கிங்கில் போய் நின்று, சாமான் இறக்கும் ஆட்களோடு பேச்சுக் கொடுத்துப் பழகி, அவர்கள் வழியாக உள்ளே போவார். நட்சத்திரத்தை நேராகப் பிடிக்கவில்லை, கவனியுங்கள், சாமான் இறக்குகிறவரைப் பிடித்தார். கிட்டாரைக் காட்டி அவர் சொன்ன பேரமும் அழகு: முன்பணம் கொடுங்கள், செய்து தருகிறேன், வாசித்துப் பார்த்து மனசுக்குப் பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன், அதை நான் செலவு செய்திருந்தாலும் சரி. இலவசம் என்ற பேச்சே இல்லை. பத்து ராத்திரி போனால் ஒரு ராத்திரி வியாபாரம் ஆகும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மீதி ஒன்பது ராத்திரி என்ன கேட்டுக்கொண்டு திரும்பியிருப்பார் என்று உங்களுக்கும் எனக்கும் யாரும் விளக்க வேண்டாம்.

அப்படித்தான் டெட் நியூஜென்ட், பீட்டர் ஃப்ராம்ப்டன், அல் டி மியோலா என்று பெரிய கிட்டார் கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். 1980 வாக்கில் கார்லோஸ் சந்தானாவுக்கு ஒன்று செய்து கொடுத்தார். சந்தானாவுக்குப் பிடித்தது, ஆனாலும் ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்தில் நன்றாக அமைந்துவிட்டது என்றுதான் நினைத்தார். இன்னொன்று செய்யச் சொன்னார், பிறகு இன்னொன்று, கடைசியில் இரட்டை நெக் ஒன்று, அதற்குப் பிறகுதான் இந்தப் பையன் நிஜமாகவே கிட்டார் செய்கிறவன் என்று ஒத்துக்கொண்டார். பிஆர்எஸ் கம்பெனியே 1985ல்தான் தொடங்கியது. ஒரு நல்ல மனிதர், கிட்டாரைப் பிடித்துப்போன மனிதர், அவரே நாலாவது கிட்டார் வரைக்கும் சந்தேகப்பட்டிருக்கிறார். நீங்கள் பன்னிரண்டாவது கிட்டாரோடு போய் முதல் நாளே சரி என்று சொல்லவில்லையே என்று வருத்தப்படுகிறீர்கள்.

லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாது, தெரியுமா? ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். அதனால் அவருக்கு வாசிக்கிறவர்கள் விளம்பரத்துக்கு வேண்டியவர்களாக இல்லை, கண்ணுக்கும் காதுக்கும் வேண்டியவர்களாக இருந்தார்கள். கலிஃபோர்னியாவில் நடன அரங்குகளில் வாரம் முழுக்க வாசிக்கும் ஆட்களிடம் கொடுத்து, என்ன குறை என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினார். லியோவின் முந்தைய மாடலான டெலிகாஸ்டரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று பில் கார்சன் என்ற கிட்டார்காரர் புலம்பியிருக்கிறார். 1954ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் முதுகுப்பக்கம் வழித்தெடுத்த மாதிரி வளைந்திருக்கிறதே, அந்த வளைவுக்குப் பின்னால் இந்த மாதிரிப் புலம்பல்கள்தான். டிக் டேல் என்ற கிட்டார்காரர் இன்னும் மோசம், இடது கைக்காரர், வலது கை கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காது கிழிய வாசிப்பார். லியோ கொடுத்த ஸ்பீக்கர்களை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துத் தள்ளினார். நம்மாளாக இருந்தால் 'இவனுக்குக் கொடுத்தது என் தப்பு' என்று ஆம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்போம். லியோ போய்க் கூட்டத்துக்குள் நின்று கேட்டார், இன்னும் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரும் பதினைந்து அங்குல ஸ்பீக்கருமாக ஷோமேன் ஆம்பைச் செய்தார். உங்கள் பதினொரு கிட்டாரை வாங்கியவர்களிடம் என்ன குறை என்று கேட்டீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு சங்கிலியையும் சொல்லவேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்தது. 1954 வாக்கில் கிரெட்ச் கம்பெனிக்காக ஜிம்மி வெப்ஸ்டர் என்பவர் அமெரிக்க கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸைப் பிடித்து, அவர் பெயரில் ஒரு மாடல் போட ஒப்புக்கொள்ள வைத்தார். செட் மரியாதையான மனிதர், ஆனால் அந்த முதல் கிட்டாரில் போட்டிருந்த மாட்டுத் தலை, கள்ளிச் செடி மாதிரியான கௌபாய் அலங்காரம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. தன் பெயரில் ஒரு கிட்டார் வரவேண்டும் என்ற ஆசையில் சகித்துக்கொண்டார், கம்பெனியும் பின்னால் அதையெல்லாம் மெல்ல எடுத்தது. அந்தப் பக்கம் லிவர்பூலில் செட்டின் வாசிப்பில் கிறங்கிக் கிடந்த ஒரு பையன், அவர் பிடிக்கிற கிட்டார்தான் வேண்டும் என்று 1961ல் செகண்ட் ஹேண்டில் ஒரு கிரெட்ச் வாங்கினான். பிறகு 1963ல் செட்டின் இன்னொரு மாடலான கன்ட்ரி ஜென்டில்மேனையும் வாங்கினான். 1964 பிப்ரவரி 9 அன்று அதே கிட்டாரோடு அமெரிக்கத் தொலைக்காட்சியில் நின்றான், பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர். ஹாரிசனை கிரெட்ச் தேடிப் போகவில்லை. ஒழுங்கான ஒரு வாசிப்பாளரைப் பத்து வருடம் முன்னால் பிடித்து வைத்தார்கள், மீதி தானாக வந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒரு பையன் எந்த கிட்டார் வாங்குவது என்று யாரைப் பார்த்து முடிவு செய்கிறான்? மேடையில் புகைமூட்டத்துக்குள் நிற்கும் நட்சத்திரத்தைப் பார்த்து என்று நினைத்தால் தப்பு, அவர் கையில் இருப்பது நாலு லட்ச ரூபாய் கிட்டார், அது இவனுக்கு ஆகாது என்று இவனுக்கே தெரியும். என் அனுபவத்தில் அதிகம் கிட்டார் விற்றுக் கொடுத்தவர்கள் சர்ச்சில் வாசிப்பவர்கள். ஞாயிறு தவறாமல், வருடம் முழுக்க, ஒரே கூட்டத்தின் முன்னால் வாசிக்கிறார்கள், ஆராதனை முடிந்ததும் பத்துப் பையன்கள் சுற்றி நின்று 'அண்ணா, இது என்ன கிட்டார்' என்று கேட்கிறார்கள், அவரும் நின்று பதில் சொல்கிறார். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் ஒருத்தர் கையில் நல்ல கிட்டார் போனால் அந்த வட்டாரத்திலேயே தெரிந்துவிடும். அடுத்தது வகுப்பு எடுக்கும் மாஸ்டர்கள். அதற்கும் அடுத்தது சினிமா ஒலிப்பதிவில் வாசிக்கும் செஷன் கலைஞர்கள்: ஜனங்களுக்கு அவர்கள் முகமே தெரியாது, ஆனால் மற்ற கிட்டார்காரர்கள் எல்லோரும் அவர்கள் கையைத்தான் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் 'பரவாயில்ல, ட்யூனிங் நிக்குது' என்று சும்மா சொன்னாலே போதும், உங்கள் ஒரு வருட ஆர்டர் அதில் இருக்கிறது. லைட் மியூசிக் ட்ரூப்பில் வாசிக்கிறவர்களையும் விட்டுவிடாதீர்கள், கல்யாண சீசனில் மாதம் பதினைந்து இருபது கச்சேரி, வேனில் மேலே கீழே போட்டு எடுக்கிற கிட்டார் அது. அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும்.

பெரிய ஆள் சரி என்றே சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் கிரேமர் கம்பெனி கிட்டார் வாசித்தார், பிறகு மியூசிக் மேன், பிறகு பீவி, கடைசியில் தன் பெயரிலேயே ஒரு பிராண்ட். அவர் மேல் தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு முறை அவர் கை மாறும்போதும் பின்னால் ஒரு கம்பெனி தன் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. கையில் கொடுத்த கிட்டாருக்கு என்ன ஆகும் என்பதும் இருக்கிறது. 2013 மார்ச்சில் ஜிம்மி ஃபாலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிரின்ஸ் வாசித்தார், ரூட்ஸ் குழுவின் கிட்டார்காரர் கேப்டன் கிர்க் டக்ளஸிடமிருந்து 1961ஆம் வருட எபிஃபோன் கிட்டார் ஒன்றை இரவல் வாங்கி. பாட்டு முடிந்ததும் அதை மேலே தூக்கிப் போட்டார், விழுந்து உடைந்தது. பழுதுபார்க்கும் செலவைப் பிரின்ஸ் ஏற்றுக்கொண்டார் என்பது உண்மை, ஆனாலும் டக்ளஸின் வயிறு எரிந்தது எரிந்ததுதான். உங்கள் கிட்டாரை அந்தக் கலைஞரின் மேனேஜர் எழுதிக்கொடுக்காமல் வாங்கி வைத்திருக்கிறாரே, அவரிடம் அந்தச் செலவைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அதனால் முதல் வேலையாக இலவசத்தை நிறுத்துங்கள். சும்மா வந்த பொருளுக்கு எங்கேயும் மூலைதான் இடம். சலுகை விலை வையுங்கள், உங்கள் அடக்கச் செலவுக்குக் கீழே போகாமல். இல்லையென்றால் மூன்று மாதக் கடன்: டெலிவரி சலானில் கிட்டாரின் சீரியல் எண், மதிப்பு, திருப்பித் தரும் தேதி, வாங்கியவர் கையெழுத்து, எல்லாம் இருக்கட்டும். போட்டோ எடுக்கமாட்டோம், உங்கள் அனுமதி இல்லாமல் பெயரை எங்கேயும் போடமாட்டோம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நான் இதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு எத்தனை பேர் முகம் இளகியது என்று பார்த்திருக்கிறேன்.

கொண்டுபோவதற்கு முன்னால் அவர் என்ன ஸ்ட்ரிங் போடுகிறார் என்று விசாரியுங்கள். பத்து என்கிற தடிமன் தந்தி போடுகிறவரிடம் அதைவிட மெல்லிய ஒன்பது போட்ட கிட்டாரைக் கொடுத்தால் இரண்டே நிமிடத்தில் 'தொளதொளன்னு இருக்கு' என்று திருப்பிக் கொடுப்பார், தப்பு உங்கள் கிட்டாரில் இருக்காது. அரை சுரம் இறக்கி வாசிப்பவரா, ஆக்‌ஷன் (விரல் பலகைக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்) எவ்வளவு வேண்டும், ஸ்ட்ராப் எந்த அளவுக்குத் தொங்கும், இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அவருடைய டெக்னீஷியனுக்கு, அப்படி ஒருத்தர் இல்லையென்றால் ஆம்பும் ட்ரம்ஸும் வாடகைக்குக் கொண்டுவருகிற பேக்லைன் ஆட்களுக்கு. அவர்களிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். நிகழ்ச்சி நாளில் போகவே போகாதீர்கள். ஒத்திகை நாளில், இல்லையென்றால் ஊரில் சும்மா இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள், கிட்டாரை வைத்துவிட்டு 'ரெண்டு வாரம் கழிச்சு வந்து எடுத்துக்கறேன், என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எண்டார்ஸ்மெண்ட் என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது.

அந்த மேனேஜரிடம் இருக்கும் கிட்டாரை இந்த வாரமே திரும்ப வாங்குங்கள். கோபமாக எழுதவேண்டாம். 'வணக்கம் சார், இன்ன தேதியில் உங்களிடம் வைத்த கிட்டார் வேறொருவர் வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, வியாழன் பதினோரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரே ஒரு வாட்ஸ்அப். அனுமதி கேட்கிற மாதிரி எழுதாதீர்கள், வருகிறேன் என்று எழுதுங்கள். போனதும் கேஸை அங்கேயே திறந்து பாருங்கள். ஆறு வாரமாக ஏசி ஓடி ஓடி நிற்கும் அறையில் கிடந்திருக்கும், நெக் அநேகமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியைத் திருகுகிற ட்ரஸ் ராட் சாவியைப் பையில் எடுத்துப் போங்கள், ஆனால் அங்கே வைத்துத் திருகாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் கால் சுற்று.